லிப்ரே ஆபீஸ் திறந்ததும் மூடிக்கொள்கிறது, எடுத்துப் போட்டும் அதே கதை

கேள்வி: 14 அக்டோபர் 2023, கூடலூர் வாசகர்

“அண்ணா, பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். லிப்ரே ஆபீஸைத் திறந்தால் பழைய ஆவணத்தை மீட்கவா என்று கேட்கிறது. சரி என்று கொடுத்தால் அப்படியே மூடிக்கொள்கிறது. வேண்டாம் என்றாலும் அதேதான். அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போட்டேன். பர்ஜ் கொடுத்து வேரோடு எடுத்தும் பார்த்தேன். மாற்றமே இல்லை. புரோகிராமே சரியில்லை என்று நினைக்கிறேன். பேசாமல் விண்டோஸுக்குப் போய்விடட்டுமா?”

14 அக்டோபர் 2023, இரவு

போக வேண்டாம் தம்பி. புரோகிராம் நன்றாகத்தான் இருக்கிறது. அது உங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கும் குறிப்புகள்தான் கெட்டிருக்கின்றன. அவை புரோகிராமோடு இல்லை, உங்கள் ஹோம் ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. புதிதாகப் போட்ட லிப்ரே ஆபீஸும் அதே குறிப்புகளைப் படித்து அதே இடத்தில் விழுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லிப்ரே ஆபீஸை மூடுங்கள். சிஸ்டம் மானிட்டரில் ‘எஸ்ஆஃபீஸ்.பின்’ என்று ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் வெளியே வரும். ‘.கான்ஃபிக்’ உள்ளே ‘லிப்ரேஆபீஸ்’, அதற்குள் ‘4’, அதற்குள் ‘யூசர்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதன் பெயரை ‘யூசர்-பழையது’ என்று மாற்றுங்கள். அழிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள். பெயர்களை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன், திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கும்.

இப்போது திறந்து பாருங்கள். ‘யூசர்’ இல்லை என்று கண்டதும் அதுவே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

15 அக்டோபர் 2023

ஏன் அழிக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் மீட்கவா என்று கேட்ட ஆவணம் அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. ‘யூசர்’ உள்ளே ‘பேக்கப்’ என்று ஒன்று உண்டு. சேமிக்காமல் விட்ட வேலையை லிப்ரே ஆபீஸ் அவ்வப்போது அங்கேதான் எழுதி வைக்கிறது, மாற்றாமல் விட்டால் 10 நிமிடத்துக்கு ஒரு முறை. எந்த ஆவணத்தை மீட்க வேண்டும் என்ற பட்டியல் ‘ரெஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ்.எக்ஸ்சியூ’ என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பட்டியலைப் படிக்கிறது, அந்த ஆவணத்தைத் தொடுகிறது, விழுகிறது. பட்டியல் மாறுவதே இல்லை. உங்கள் சுழலுக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எனவே ‘யூசர்-பழையது’ உள்ளே ‘பேக்கப்’ போய்ப் பாருங்கள். பெயரின் வாலில் ஓர் எண் ஒட்டிக்கொண்டு உங்கள் ஆவணத்தின் பிரதி இருக்கலாம். அதை டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்துத் திறந்து பாருங்கள்.

15 அக்டோபர் 2023, மாலை

பர்ஜ் கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அது எடுப்பது புரோகிராமையும், ‘ஈடிசி’ ஃபோல்டரில் இருக்கும் பொது அமைப்புகளையும். யாருடைய ஹோம் ஃபோல்டருக்குள்ளும் அது கை வைக்காது. வேண்டுமென்றே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு கணினியில் நாலு பேர் கணக்கு வைத்திருக்கலாம், ஒருவர் எதையோ நீக்கினால் மற்றவர்களின் சொந்தச் சாமான் போகக் கூடாது அல்லவா? பச்சைத் தேயிலையை எந்த ஃபேக்டரிக்குப் போட்டாலும் இலைக்கணக்கு நோட்டு நம் வீட்டில்தானே இருக்கிறது, அப்படி.

கோளாறு புரோகிராமிலா, அமைப்பிலா என்று சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து அதே புரோகிராமைத் திறங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் உங்கள் மறைந்த ஃபோல்டரில்தான் வில்லங்கம். அங்கேயும் விழுந்தால் இந்த இழையில் சொல்வது எதுவும் உதவாது, வேறு இடத்தில் தேட வேண்டும். கடையில் எந்தக் கணினி வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

19 அக்டோபர் 2023

கூடலூர்த் தம்பிக்குத் திறந்துவிட்டது, ஆவணமும் கிடைத்துவிட்டது. நல்லது. ஆனால் “பட்டன்கள் இடம் மாறிவிட்டன, தமிழ் எழுத்துரு போய்விட்டது, எனக்குப் பழக்கமான எதுவும் இல்லை” என்று எழுதியிருக்கிறார்.

அது எதிர்பார்த்ததுதான். தமிழுக்கு முதலில் ஒன்று செய்யுங்கள். கருவிகள் மெனுவில் விருப்பங்கள், அதில் மொழி அமைப்புகள். அங்கே சிக்கலான உரை வடிவமைப்புக்கு ஒரு பெட்டி இருக்கும். அதில் குறியிட்டு, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கணினி ஆங்கிலத்தில் ஓடினால் புதிய ‘யூசர்’ ஃபோல்டரில் இது அணைந்தே இருக்கும். தமிழ் எழுத்துருவை மாற்றினாலும் மாறவில்லை என்று பலர் தவிப்பது இதனால்தான்.

மற்றவற்றைப் பழைய ஃபோல்டரிலிருந்து எடுத்து வரலாம். ஆனால் ஒவ்வொன்றாக. நீங்கள் சேர்த்த சொற்கள் ‘வேர்ட்புக்’ ஃபோல்டரில் இருக்கும். தானாகத் திருத்தும் பட்டியல் ‘ஆட்டோகர்’ ஃபோல்டரில். சுருக்கெழுத்துகள் ‘ஆட்டோடெக்ஸ்ட்’, மேக்ரோக்கள் ‘பேசிக்’, வார்ப்புருக்கள் ‘டெம்ப்ளேட்’. ஒன்றை நகல் எடுங்கள், திறந்து மூடிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. அந்த ‘ரெஜிஸ்ட்ரி’ ஃபைலை மட்டும் கொண்டு வர வேண்டாம். அதைக் கொண்டு வந்தால் கோளாறும் கூடவே வந்துவிடும்.

19 அக்டோபர் 2023, இரவு

‘வேர்ட்புக்’ பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

கட்டபெட்டு பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். படகர். தங்கள் பேச்சு மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சேர்த்து வருகிறார். அட்டிகள் என்று அவர்கள் சொல்லும் ஊர்களின் பெயர்கள், பயிர்களின் பெயர்கள், எத்தையம்மன் பண்டிகையில் மட்டும் வழங்கும் சொற்கள். எழுதும்போது லிப்ரே ஆபீஸ் ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு போடும். அவர் ஒவ்வொன்றையும் வலது கிளிக் செய்து அகராதியில் சேர்ப்பார். ஆண்டுக்கணக்கில் இப்படிச் சேர்ந்து சேர்ந்து ‘ஸ்டாண்டர்ட்.டிக்’ என்ற சின்ன ஃபைல் ஒன்று அவரது சொல்தொகுப்பாகவே ஆகிவிட்டது. அப்படி ஒரு ஃபைல் இருப்பது அவருக்குத் தெரியாது.

ஒருமுறை திரை உறைந்துபோய், கீழே ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அவர்கள் ‘யூசர்’ ஃபோல்டரை அழித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று கொடுத்துவிட்டார்கள். லிப்ரே ஆபீஸ் ஓடியது. சொற்கள் இல்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொரு சொல்லின் கீழும் மறுபடி சிவப்புக் கோடு.

என்னிடம் கொண்டு வந்தபோது அந்த வட்டில் மீட்க எதுவும் மிஞ்சவில்லை. அவருடைய பழைய ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எழுத்துப்பிழை சோதனை ஓட்டி, சிவப்பு விழும் சொற்களை அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். ஆவணத்தில் இருந்தவை திரும்பி வந்தன. சேர்த்துவிட்டுப் பின்னால் ஆவணத்திலிருந்து நீக்கிய சொற்கள் வரவில்லை. அவை எவை என்று அவருக்கே நினைவில்லை.

அந்த ஃபைல் வெறும் உரை. எந்த உரைத் திருத்தியிலும் திறக்கும். மேலே மொழி, வகை என்று சில வரிகள், ஒரு கோடு, அதற்குக் கீழே வரிக்கு ஒரு சொல். நகல் எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது பழுது பார்க்கும் வேலையில் இருந்தால், அடுத்தவர் ஹோம் ஃபோல்டரில் அழிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தெரியாவிட்டால் பெயரை மாற்றுங்கள்.

21 அக்டோபர் 2023

மேலே நேராகப் பெயர் மாற்றச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், திறக்கவாவது திறக்கிறது என்றால் அதற்கு முன் ஒரு படி உண்டு. 2017-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரே ஆபீஸில் பாதுகாப்பு முறை இருக்கிறது. உதவி மெனுவில், பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம். அதில் தற்காலிகமாக ஒரு புதிய அமைப்போடு திறக்கும், உங்களுடையதைத் தொடாது. அங்கேயே நீட்சிகளை மட்டும் அணைக்கலாம், முன்பு ஒழுங்காக வேலை செய்த நிலைக்குத் திரும்பலாம், மொத்த ‘யூசர்’ ஃபோல்டரையும் ஜிப் ஆக்கி வைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பு என்பது கடைசித் தெரிவு. ஜிப் எடுக்காமல் அதை அழுத்த வேண்டாம்.

திறக்கவே மறுத்தால் டெர்மினலில் எஸ்ஆஃபீஸ் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறுகோடு, சேஃப், சிறுகோடு, மோட். அதுவும் விழுந்தால் பெயர் மாற்றம்.

22 அக்டோபர் 2023

சின்னது. “ஆவணத்தை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்” என்று வந்து, அந்த வேறொருவர் நீங்களே என்றால், அமைப்பு எதையும் தொட வேண்டாம். ஆவணம் இருக்கும் ஃபோல்டரில் கண்ட்ரோல் ஹெச் அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கி லாக் என்ற சொல்லோடு ஆவணத்தின் பெயரைத் தாங்கிய குட்டி ஃபைல் ஒன்று இருக்கும். லிப்ரே ஆபீஸ் மூடியிருக்கும்போது அதை எடுத்துவிடுங்கள். இதை மட்டும் தயங்காமல் அழிக்கலாம்.

9 நவம்பர் 2023

கோத்தகிரியில் மழை. மரம் விழுந்து கம்பி அறுந்து மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. கடைக்கு வரும் கணினிகளும் கூடிவிட்டன. இந்த இழையில் கேட்கப்படாத ஒரு கேள்விக்கு இப்போது பதில் எழுதலாம்: குறிப்புகள் ஏன் கெடுகின்றன?

பல காரணம் உண்டு, ஆனால் இந்த மலையில் முதல் காரணம் கரண்ட். லினக்ஸில் பெரும்பாலும் ஓடும் ஃபைல் முறை எக்ஸ்ட்4. புரோகிராம் ஒரு ஃபைலை எழுதச் சொன்னதும் அது உடனே வட்டில் இறங்குவதில்லை, சில நொடிகள் நினைவகத்தில் நின்று பிறகுதான் இறங்குகிறது. வேகத்துக்காக அப்படி. பழைய உள்ளடக்கத்தைத் துடைத்துவிட்டுப் புதியது இறங்குவதற்குள் கரண்ட் போனால், பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. 0 பைட். 2009-ல் இது பெரிய விவாதமாகவே நடந்தது. கணினி நின்றுபோய் மறுபடி எழுந்தால் டெஸ்க்டாப்பின் அமைப்புகள் எல்லாம் காலியாகக் கிடக்கின்றன என்று பலர் முறையிட்டார்கள். எக்ஸ்ட்4-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான தியோடர் சோ, புரோகிராம்கள் சரியான முறையில் எழுதச் சொல்லாததே காரணம் என்று விளக்கினார், இருந்தாலும் லினக்ஸின் உட்கருவான கெர்னலின் 2.6.30 பதிப்பில் ஒரு தடுப்பும் வைத்தார்கள். அந்தத் தடுப்பு பெரும்பாலான நேரம் காப்பாற்றுகிறது. எல்லா நேரமும் இல்லை.

ஒரு நாளைக்குப் பல முறை கரண்ட் போனால் அந்தச் சில நொடியில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு கூடத்தானே செய்யும்? கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, அதாவது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். எங்கள் கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்கு, அக்டோபர், நவம்பர். எந்த ஊர்க் கணினி எந்த மாதத்தில் கடைக்கு வரும் என்று என்னால் சொல்ல முடிகிறது. 1932-லிருந்து பைக்காராவில் மின்சாரம் எடுக்கிறார்கள், குந்தாவும் இங்கேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு மழைக்கு வீட்டு விளக்கு நிற்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

லேப்டாப்தானே, பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்கள் இங்கே இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அதில் எனக்கு மகிழ்ச்சி, லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். ஆனால் பல லேப்டாப்களில் பேட்டரி செத்துவிட்டது. செத்த பேட்டரியோடு ஓடும் லேப்டாப்பும் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பும் ஒன்றுதான். முடிந்தால் பேட்டரி மாற்றுங்கள். அது முடியாவிட்டால் ஒரு சிறிய யூபிஎஸ்.

0 பைட் ஃபைலைக் கண்டுபிடிப்பது எளிது. மறைந்த ஃபோல்டரில் ஃபைல்களை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். முக்கியமான பெயரோடு 0 பைட் என்று ஒன்று நின்றால், சரி, அதுதான். முழு ஃபோல்டரையும் தொடாமல் அதை மட்டும் ஒதுக்கி வைத்தாலே பல புரோகிராம்கள் எழுந்துவிடும்.

12 நவம்பர் 2023

குன்னூரிலிருந்து ஒரு அக்கா ஃபயர்ஃபாக்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறார். கரண்ட் போய் வந்த பிறகு, “ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது” என்று சொல்லித் திறக்க மறுக்கிறதாம்.

அக்கா, முதலில் கணினியை ஒருமுறை ஒழுங்காக ஷட்டவுன் செய்து ஏற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஹோம் ஃபோல்டரில் ‘.மொசில்லா’, அதற்குள் ‘ஃபயர்ஃபாக்ஸ்’, அதற்குள் புரியாத எழுத்துகளோடு டிஃபால்ட் அல்லது டிஃபால்ட்-ரிலீஸ் என்று முடியும் ஃபோல்டர். உள்ளே ‘லாக்’ என்றும் ‘.பேரன்ட்லாக்’ என்றும் இருப்பவற்றை ஃபயர்ஃபாக்ஸ் ஓடாதபோது நீக்குங்கள். உங்களுடையது உபுண்டு 22.04 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ‘.மொசில்லா’ அங்கே இருக்காது. ‘ஸ்னாப்’ ஃபோல்டருக்குள் ‘ஃபயர்ஃபாக்ஸ்’, ‘காமன்’ என்று போனால் அதற்குள் இருக்கும். உபுண்டு அதிலிருந்து ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் தருகிறது.

திறந்த பிறகும் மக்கர் செய்தால் முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, சப்போர்ட் என்று அடித்து, ஃபயர்ஃபாக்ஸைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் தங்கும், நீட்சிகளும் மாற்றிய அமைப்புகளும் போகும். பழையதை அது அழிப்பதில்லை. டெஸ்க்டாப்பில் பழைய ஃபயர்ஃபாக்ஸ் தரவு என்று ஒரு ஃபோல்டராகப் போட்டு வைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு ஃபயர்ஃபாக்ஸைப் பிடிக்கும்.

கையால் எடுத்து வருவதானால் ‘பிளேசஸ்.எஸ்க்யூலைட்’ உங்கள் புத்தகக்குறிகளும் பார்த்த பக்கங்களும். கடவுச்சொல்லுக்கு ‘லாகின்ஸ்.ஜேசன்’, ‘கீ4.டிபி’ இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று பூட்டிய பெட்டி, மற்றது அதன் சாவி.

20 நவம்பர் 2023

அமைப்பை மாற்றினால் அப்போதைக்கு மாறுகிறது, மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடுகிறது என்கிறார் இன்னொருவர். இது கெட்ட ஃபைல் இல்லை. உரிமை மாறிய ஃபைல். எப்போதோ அந்தப் புரோகிராமை சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, திறந்திருப்பார்கள். அப்போது உருவான அமைப்பு ஃபைல்கள் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு உங்கள் கணக்கால் அவற்றைப் படிக்கலாம், எழுத முடியாது. ஃபைல் மேனேஜரில் அந்த ஃபோல்டரின் மேல் குட்டிப் பூட்டு தெரியும்.

டெர்மினலில் சௌன் கட்டளையால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் போதும், எதையும் அழிக்கத் தேவையில்லை. இதே விஷயம் ‘.எக்ஸ்அதாரிட்டி’ ஃபைலுக்கு நடந்தால், கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் மறுபடி நுழைவுத் திரைக்கே வந்து நிற்கும். அப்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரையில் நுழைந்து உரிமையை மாற்றுங்கள். வண்ணத் திரை உள்ள புரோகிராம்களை சூடோ போட்டுத் திறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

3 டிசம்பர் 2023

“டெஸ்க்டாப்பே குழம்பிவிட்டது, கீழே இருக்கும் பட்டையைக் காணோம்” என்று அரவேனுவிலிருந்து.

மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப் என்றால், பட்டை கொஞ்சமாவது தெரிந்தால் அதில் வலது கிளிக் செய்யுங்கள். சிக்கல் தீர்த்தல் என்பதன் கீழ் எல்லா அமைப்புகளையும் இயல்புநிலைக்குக் கொண்டுவர ஒரு தெரிவு உண்டு. அதற்கும் முன் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சின்னமன் மட்டும் மறுதொடக்கம் ஆகும். பல நேரம் இதுவே போதும்.

சின்னமனும், நோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பும் தங்கள் அமைப்புகளை டிகான்ஃப் என்ற ஒரே கிடங்கில் வைக்கின்றன. ‘.கான்ஃபிக்’ உள்ளே ‘டிகான்ஃப்’, அதில் ‘யூசர்’ என்று ஒரே ஒரு ஃபைல். உரைத் திருத்தியில் திறந்தால் படிக்க முடியாது. அதனால் எதையும் தொடுவதற்கு முன் டிகான்ஃப் டம்ப் கட்டளையால் எல்லாவற்றையும் ஒரு உரை ஃபைலாக எடுத்து வையுங்கள். வேரிலிருந்து எல்லாவற்றையும் ரீசெட் செய்யும் கட்டளையைப் பலரும் சொல்லித் தருவார்கள், செய்யாதீர்கள். கெட்ட கிளையை மட்டும் ரீசெட் செய்யுங்கள். ஏன் என்றால் தமிழ் தட்டச்சுக்கு உதவும் ஐபஸின் அமைப்புகளும் அதே கிடங்கில்தான். நீங்கள் தமிழ்99 விசைப்பலகை வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். 1999 சென்னை மாநாட்டிலிருந்து வந்த விசைப்பலகை அது, அதில் விரல் பழகியவர்களுக்கு வேறு எதிலும் தட்டச்சு வராது. எனக்கும் வராது. போய்விட்டால் ஐபஸ் விருப்பங்களில் உள்ளீட்டு முறைகளில் தமிழைத் தேர்ந்து திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே அமைப்பு ஃபைல்கள் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல்தான். ஆனால் நீங்கள் உள்ளே நுழைந்திருக்கும்போது அவற்றை மாற்றினால், பின்னால் ஓடும் சேவை தன் நினைவில் இருப்பதைத் திரும்ப மேலே எழுதிவிடும். வெளியேறி, கறுப்புத் திரையில் செய்யுங்கள். லிப்ரே ஆபீஸுக்கு முதலில் மூடச் சொன்னதும் இதனால்தான். பல புரோகிராம்கள் மூடும்போதுதான் தங்கள் அமைப்பை எழுதுகின்றன.

17 டிசம்பர் 2023

இதற்கெல்லாம் ஏன் புள்ளி என்று ஒருவர் கேட்டார். யூனிக்ஸின் தொடக்க காலத்தில், ஒரு ஃபோல்டரைப் பட்டியலிட்டால் ‘இதே ஃபோல்டர்’, ‘மேல் ஃபோல்டர்’ என்பவற்றைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் கூடவே வந்தன. அவற்றை மறைக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் தாண்டிவிடு என்று சுருக்கமாக எழுதிவிட்டார்கள். புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்தன. பிறகு புரோகிராம் எழுதுகிறவர்கள் அதையே வசதியாகப் பிடித்துக்கொண்டார்கள். யூனிக்ஸில் வேலை செய்த ராப் பைக் 2012-ல் இதை விவரித்து எழுதினார். தற்செயலாக வந்தது, யாரும் யோசித்துச் செய்ததில்லை என்பது அவர் கருத்து.

ஹோம் ஃபோல்டர் இப்படிப் புள்ளிகளால் நிறைந்துபோன பிறகுதான் 2003 வாக்கில் ஒரு ஒழுங்கு வந்தது. அமைப்புகள் ‘.கான்ஃபிக்’, தரவுகள் ‘.லோக்கல்’ உள்ளே ‘ஷேர்’, தற்காலிகமானவை ‘.கேச்’. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

6 ஜனவரி 2024

யாரோ ஒருவர் “புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் கணினி புதிதாகிவிடும்” என்று இங்கே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள்.

‘.தண்டர்பேர்ட்’ உள்ளே உங்கள் மின்னஞ்சல்கள் இருக்கின்றன. பாப் முறையில் அஞ்சலை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்திருந்தால் உலகத்தில் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ‘.எஸ்எஸ்ஹெச்’, ‘.க்னூபிஜி’ உங்கள் சாவிகள், போனால் யாராலும் திரும்பச் செய்து தர முடியாது. ‘.லோக்கல்’ உள்ளே ‘ஷேர்’ என்பதில் நீங்கள் போட்ட எழுத்துருக்களும், சேமித்த கடவுச்சொல் பெட்டகமும், குப்பைத்தொட்டியும்கூட இருக்கும். தயங்காமல் காலி செய்யக்கூடியது ‘.கேச்’ மட்டும்தான், அதையும் புரோகிராம்களை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

‘யூசர்-பழையது’ ஃபோல்டரை எப்போது அழிக்கலாம் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். ஒரு சுற்று எல்லா வேலையும் செய்து பாருங்கள். கடிதம், பில், பிள்ளைகளின் புராஜெக்ட், வருடம் ஒருமுறை எடுக்கும் கணக்கு. எதையும் காணோம் என்று தோன்றாவிட்டால் பென்டிரைவில் ஒரு நகல் போட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். சில எம்பிதான் வரும், நான் அதைக்கூட அவசரமாக எடுப்பதில்லை.

2 மார்ச் 2024

லிப்ரே ஆபீஸ் இப்போது ஆண்டை வைத்துப் பதிப்பு எண் போடுகிறது. 7.6-க்கு அடுத்தது 24.2. ஃபோல்டரின் பெயர் இன்னும் ‘4’ தான். 24 என்று தேடிக் காணோம் என்று வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

11 ஜூலை 2024

கூடலூர்த் தம்பி திரும்பவும் வந்திருக்கிறார். இம்முறை அவருடைய நண்பருக்கு. லிப்ரே ஆபீஸ் அதே மாதிரி விழுகிறது, ஆனால் ‘.கான்ஃபிக்’ உள்ளே ‘லிப்ரேஆபீஸ்’ ஃபோல்டரே இல்லை. சாஃப்ட்வேர் மேனேஜரில் போட்டாராம்.

அப்படியானால் அது ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி வகையாக இருக்கும். ஃபிளாட்பேக் புரோகிராம்கள் ஒவ்வொன்றும் ‘.வார்’ உள்ளே ‘ஆப்’ என்பதில் தனித்தனி அறை வைத்திருக்கும். ஆர்க், லிப்ரேஆபீஸ், லிப்ரேஆபீஸ் என்று புள்ளி வைத்து நீளமாக ஒரு பெயர் இருக்கும். அதற்குள் ‘கான்ஃபிக்’, புள்ளி இல்லாமல். அதற்குள் போனால் மேலே சொன்ன அதே ‘லிப்ரேஆபீஸ்’, ‘4’, ‘யூசர்’. அதே பெயர் மாற்றம்தான்.

இதனால் 15 அக்டோபர் குறிப்பில் சொன்னதற்கு ஓர் எல்லை போட வேண்டியிருக்கிறது. நீக்கினால் ஹோம் ஃபோல்டரைத் தொடாது என்பது மின்ட்டின் வழக்கமான ஆப்ட் வழியாகப் போடும் டெப் பொதிகளுக்குப் பொருந்தும். ஃபிளாட்பேக்கை நீக்கும்போது தரவையும் அழி என்று கொடுத்தால் ‘.வார்’ உள்ளே இருக்கும் அந்த அறை மொத்தமாகப் போய்விடும், அகராதியும் சேர்த்து. ஸ்னாப்பை நீக்கினாலும் உங்கள் தரவு போகும். ஆனால் நீக்குவதற்கு முன் அது ஒரு நகல் எடுத்து 31 நாள் வைத்திருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். ஸ்னாப்பில் பர்ஜ் சேர்த்துக் கொடுத்தால் அந்த நகலும் எடுக்காது.

ஆகவே தம்பி, உங்கள் நண்பர் இன்னும் எதையும் நீக்கவில்லை என்றால் நீக்க வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். ‘வேர்ட்புக்’, ‘பேக்கப்’ இரண்டையும் முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் பெயர் மாற்றலாம்.